பூஜையில் இருந்த ஸ்பேனர்

என் வீட்டுக்காரருக்குக் காரை மெக்கானிக்கிடம் விடுவது பிடிக்காது. ஒன்றைச் சரிபண்ணி இரண்டைக் கெடுத்து வைப்பான் என்பார். ஏற்காட்டில் ஒரு தோட்டக்காரரிடம் வாங்கிய பழைய கறுப்புக் கார் அது. அதற்கு வந்த நோவுக்கெல்லாம் எங்கள் வாசலிலேயே வைத்தியம் நடந்தது. சித்திரை வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் கொதித்து வண்டி நின்றால் ஈரத்துணி சுற்றுவோம். மார்கழிக் காலையில் பாட்டரி படுத்துவிட்டால் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவார். பிளக் கரிபிடித்தால் தேய்த்து என் அடுப்பில் காட்டி எடுப்பார். சோறு வேகிற அடுப்பில் இதென்ன கூத்து என்று கத்துவேன். கத்திக்கொண்டே நானும் கற்றுக்கொண்டேன். அவர் கழற்றிப் போடும் நட்டுகளை முறத்தில் வாங்கி வைப்பது என் வேலை. கை அதைப் பார்த்தாலும் காது சும்மா இருக்குமா?

அறுபதுகளின் தொடக்கம். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். நான் நிறைமாதக்காரி. எங்கள் முதல் பையன் குப்புற விழும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். இந்தப் பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது என்று சேலத்து டாக்டரம்மா சொல்லியிருந்தார். வலி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதமில்லை என்று அவர் சொன்னதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

வலி ஆயுத பூஜையன்று பிற்பகலில் கண்டது.

அன்றைக்கு எங்கள் பக்கத்தில் எந்தப் பட்டறையிலும் ஒரு ஆளைப் பிடிக்க முடியாது. லாரிகளெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நிற்கும். கருவிகளைச் சாமி முன்னால் வைத்துப் படைத்துவிட்டால் மறுநாள் காலைவரை யாரும் தொடமாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஸ்பேனர், திருப்புளி, சுத்தியல் எல்லாம் சந்தனப் பொட்டோடு மணையில் வரிசையாக இருந்தன. காரின் நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் காத்திருந்தது.

மாமியார் என்னைத் தாங்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தார். வீட்டுக்காரர் சாவியைத் திருகினார். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். மறுபடி. இறங்கி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

"பெட்ரோல் வருலையாட்டம் இருக்குது" என்று பானெட்டைத் தூக்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, பெட்ரோல் வாடை இங்க வரைக்கும் குமட்டுது. வருலைங்கறீங்க? காலைல பூஜைக்குன்னு இஞ்சினையும் சேர்த்துக் குடங்குடமா ஊத்திக் குளிப்பாட்டுனீங்களே, அந்தத் தண்ணி எங்க போயிருக்கும்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கையாலேயே நெம்பி எடுத்தார். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். வேட்டி நுனியால் துடைத்துப் பூட்டி மறுபடி சுற்றினார். ஒரு தரம் இருமியது, அவ்வளவுதான். இத்தனை நேரம் சுற்றியதில் பிளக்குகள் பெட்ரோலில் ஊறிப்போயிருந்தன. கழற்றிக் காயவைத்தால் கிளம்பிவிடும். கழற்ற ஸ்பேனர் வேண்டும்.

அவர் காரை விட்டு நகரவில்லை.

"எடுத்துட்டு வா சாமி. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார் மாமியார். நாள் கிழமை தவறாதவர் அவர். அவரே சொல்லியும் இவர் அசையவில்லை.

அடுத்த வலி வந்து போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னைக் கொன்னுபோடலாம்னு இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் இஞ்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன தடவை எடுத்தேன் புள்ள. பக்கத்துத் தோட்டத்துல ஆயில் இஞ்சின் நின்னு போச்சுன்னு, இதே நாளு, சிரிச்சுக்கிட்டே பூஜையில இருந்து எடுத்துட்டுப் போனேன். அந்த மாசமே பையன் போயிட்டான்."

எனக்கு இது தெரியாது. மாமியாருக்கும் தெரியாது. இப்படி ஒரு பாரத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு இந்த மனிதர் இத்தனை நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், தூங்கியிருக்கிறார். அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

"அவன் காய்ச்சல்ல போனானுங்க. ஸ்பேனர்ல போகலை."

சொன்னால் ஏறுகிற நிலையில் அவர் இல்லை. நானே கதவைத் திறந்து இறங்கினேன். மாமியார் பதறிப்போய்ப் பிடித்தார். அவர் தோளைப் பற்றிக்கொண்டே உள்ளே போனேன். மணைக்கு முன்னால் குனிய முடியவில்லை, மண்டி போட்டேன். எது பிளக் ஸ்பேனர் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எடுத்தபோது அதன் மேலிருந்த செவ்வந்திப் பூ தரையில் விழுந்தது. பயமில்லை என்று சொன்னால் பொய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வருவது எனக்கு வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வெளியே வந்து அவர் கையில் வைத்தேன். "எடுத்தது நான். நீங்க எடுக்கலை. கழட்டுங்க."

கழற்றினார். சுண்டல் வெந்த அடுப்பில் தணல் இருந்தது. மாமியார் இரும்புக் கரண்டியில் பிளக்குகளை வைத்துச் சுட்டுக்கொண்டு ஓடிவந்தார். இவர் சூட்டோடு வாங்கிப் பூட்டினார். இந்தத் தடவை இஞ்சின் பிடித்துக்கொண்டது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

ராசிபுரம் தாண்டும்வரை எனக்கு நினைவிருந்தது. பிறகு இல்லை. சேலத்தில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. நான் கண் விழித்தபோது அது அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்கக் கேட்க எனக்கு அலுக்கவில்லை.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குழந்தையைப் பார்த்தார், தொடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் தூக்கவில்லை. பயம் என்று எனக்குப் புரிந்தது. அவர் பயந்த அந்த மாதம் முடிந்த மறுநாள் காலையில், அழாத குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து, மதியச் சோற்றுக்குக்கூடக் கீழே விடாமல் வைத்திருந்தார்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கருவிகளை எல்லாம் கழுவித் துடைத்து மணையில் வைத்தார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தார். அந்த பிளக் ஸ்பேனர்.

"இது உன்னுது. பூஜையில வெக்க வேண்டாம், உன்றகிட்டயே இருக்கட்டும்" என்றார்.

இடுப்பில் இருந்த குழந்தை அதைப் பிடுங்கப் பார்த்தது. நான் வாங்கி, பொட்டு வைக்காமல், கரண்டிகளோடு மாட்டிவைத்தேன்.