இருபத்தைந்தாவது குழாய்

இது நடந்தது. நம்புங்கள் என்று கெஞ்ச மாட்டேன். என் இடது கையைப் பார்த்தால் போதும்.

நான் ஹில்டே. க்ரோனிங்கன் மீன்சந்தையில் வளர்ந்தவள். தராசில் விரல் வைப்பவனைக் கண்ணை மூடிக்கொண்டே பிடிப்பேன். அதனால் எலிகளின் ரத்தம் பொய் சொன்னபோது பேயை நினைக்கவில்லை. உடன் வேலை செய்யும் யூப்பைத்தான் நினைத்தேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருபத்துநான்கு எலிகள். பதற்றத்தில் ரத்தத்தில் ஏறும் ஹார்மோனை வேலை செய்யவிடாமல் தடுக்கும் செயற்கை ஸ்டீராய்டு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மருந்துக்கு முன் நான் எடுக்கும் ரத்தம் அமைதியைக் காட்ட வேண்டும். மூன்று வெள்ளிக்கிழமைகளாக, எனக்கு முன்பே யாரோ எலிகளை மிரட்டிவிட்டுப் போனதுபோல ஹார்மோன் எகிறியிருந்தது.

"இன்னொரு தடவை இப்படி வந்தா ஆராய்ச்சியை மூடிடுவேன் ஹில்டே. உன் வேலையும் அதோட போச்சு," என்றார் எங்கள் தலைவி மார்லூஸ்.

யூப் சிரித்தான். "உன் கையில மீன் நாத்தம் இன்னும் போகலடி. எலிங்க உன்னைப் பூனைன்னு நினைச்சிருக்கும்."

அறைச் சாவி என்னைவிட்டால் அவனிடம்தான் இருந்தது.

அடுத்த வெள்ளி. எலிக்கு இரவில்தான் விழிப்பு. எங்கள் வசதிக்காக அதன் இரவைப் பகலுக்கு மாற்றியிருந்தோம். நண்பகல் பன்னிரண்டுக்கு விளக்கு அணைந்தது. மங்கிய சிவப்பு வெளிச்சம் மட்டும். கதவைப் பூட்டிவிட்டு, மூலை நாற்காலியில் யூப்புக்காகக் காத்திருந்தேன்.

12.40. எலிகள் தின்பதை நிறுத்தின. ஒரே நேரத்தில்.

12.43. டொக்... டொக்... டொக். முதல் கூண்டில்.

கதவு திறக்கவில்லை.

டொக் டொக் டொக். இரண்டாவது கூண்டு.

"யூப், விளையாடாதே."

வெளியே நடையில் யூப்பின் சிரிப்பு கேட்டது. அப்படியானால் உள்ளே...?

மூன்று... நான்கு... இருபத்துநான்கு.

அமைதி.

பிறகு, என் நாற்காலியின் முதுகில்...

டொக்.

டொக்.

டொக்.

யூப் கதவைத் திறந்தபோது 1.25. இடையில் நடந்தது எதுவும் நினைவில்லை.

"ஏன்டி இப்படி வெளுத்துப் போயிருக்க?"

மேசையில் ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்கள். நான் எடுக்காதவை. எண்ணினேன். இருபத்தைந்து.

குழாய்களில் ஒட்டியிருந்த சீட்டுகளின் கையெழுத்தைப் பார்த்ததும் யூப்பின் கேலி நின்றது. "இது கீர்ட்யே எழுத்து. உனக்கு முன்னாடி இங்க இருந்தவ. எலி திடுக்கிடக் கூடாதுன்னு, ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி கூண்டை மூணு தடவை தட்டுவா..."

எங்கள் ஊர் வழக்கப்படி, எல்லோருடைய பிறந்தநாளையும் குறித்துக் கழிப்பறையில் தொங்கவிட்ட காலண்டரில் அவளே எழுதிய பெயரோடு ஒப்பிட்டோம். அதே எழுத்து. பெயருக்குப் பக்கத்தில் யாரோ போட்ட சிறு சிலுவை. அவள் இறந்து ஆறு வருடமாகிறதாம்.

திங்களன்று முடிவு வந்தது. இருபத்துநான்கு எலிகளும் பரம அமைதி. ஆராய்ச்சி பிழைத்தது, என் வேலையும்.

இருபத்தைந்தாவது குழாயில் மட்டும் பயம் எகிறியிருந்தது. அதில் இருந்த பதற்ற ஹார்மோன் கார்டிசால்.

எலிக்குச் சுரப்பது அதுவல்ல. மனிதருக்குச் சுரப்பது.

என் இடது முழங்கை மடிப்பில் ஊசிப் புள்ளி ஒன்று... இன்றுவரை ஆறவில்லை.