என்றும் நம்மோடு

நான் உயிரோடு இருக்கும்போதே எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் எனக்கு அஞ்சலி பேனர் வைத்துவிட்டார்கள். வைத்தது விரோதி இல்லை; எனக்கு வேலை கொடுத்த கம்பெனி.

நீடாமங்கலம் பக்கம் வந்த அந்தப் பேக்கிங் கம்பெனி, அதுவரை நடவுக்கும் அறுப்புக்கும் மட்டுமே கூப்பிடப்பட்ட எங்கள் தெருவிலிருந்து பெண்களை வேலைக்கு எடுத்தது. பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கட்டிக்கொடுத்தது. நல்ல காரியம்தான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் செய்ததை ஊருக்குக் காட்ட வேண்டுமே! என்னைச் சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், உயரமான இரும்புச் சட்டத்தில் என் முகம். சுற்றிலும் சாமந்திப்பூ பார்டர். கீழே கம்பெனியின் முத்திரையான அகல்விளக்கு. அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் 'என்றும் நம்மோடு'.

எங்கள் பக்கம் இப்படியொரு பேனரை யாரும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. "ஐயோ பாவம், சின்ன வயசு" என்று உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

மறுநாள் காலையில் அதற்கு மாலை போட்டிருந்தது. யார் போட்டார்களோ, இன்றுவரை தெரியாது. "என்னா ஆபீசரம்மா" என்று தினமும் வம்பிழுக்கும் டீக்கடைக்காரர் அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை. "உசுரோட இருக்கிற புள்ளைக்கு வெளக்கு வச்சா, அது சும்மா போகாது தாயி" என்றார் அடுப்பைப் பார்த்துக்கொண்டே. அண்ணாந்து பார்த்தால், அந்தச் சிரிப்பு என்னுடையதாகவே தெரியவில்லை.

அம்மாவின் பயம் வேறு. அப்பா நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலைக்குப் போயிருந்தார். நெஞ்சுவலி வந்து மறுபிழைப்பு பிழைத்த மனுஷன். கையில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று யார் போனிலிருந்தோ சொல்லியிருந்தார்; அந்த நம்பரைத் திருப்பி அடித்தால் எடுப்பாரில்லை.

"பாத்த எடத்துலயே உழுந்துருவாருடி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கம்பெனி ஹெச்.ஆர். மேடத்துக்குப் போன் போட்டேன்.

"பாசிட்டிவ் மெசேஜ்தானேம்மா? நீங்க எப்பவும் எங்களோட இருப்பீங்கன்னு சொல்றோம்."

"அத செத்தவங்களுக்குத்தான் மேடம் சொல்லுவாங்க!"

மேலிடத்தில் கேட்க வேண்டுமாம், திங்கட்கிழமை பார்க்கலாமாம். பற்றிக்கொண்டு வந்தது. ஏறிக் கிழித்திருப்பேன்; எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே போய்ப் பேனருக்கு அடியில் நின்றுகொண்டேன். அப்பா படத்தைப் பார்க்குமுன் என்னைப் பார்த்துவிட வேண்டும். பஸ்கள் வந்தன. ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த பொம்பளை படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பார்வை கீழே இறங்கி என்மேல் விழுந்ததும் சடாரென்று ஷட்டரை இறக்கினாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் வெயிலில் போய் நின்றார்களே தவிர, நிழலில் என் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. எனக்கே சந்தேகம் வந்து கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். வலித்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நாகப்பட்டினம் பஸ் வந்தது. அப்பா இறங்கினார். ஓடிப்போய் எதிரே நின்றேன். ஜன்னல் வழியாகவே படத்தைப் பார்த்துவிட்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. விழவில்லை, அலறவில்லை. பையைத் தரையில் வைத்தார். பஸ் போகட்டும் என்று காத்திருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் பேசினார்.

"ஏம்மா இங்க நிக்கிற? வீட்டுக்குள்ள சேத்துக்க மாட்டேங்கிறாங்களா?"

பையை மறுபடி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீ வா. அப்பா கூட்டிட்டுப் போறேன். எவன் என்ன சொல்றான்னு பாக்குறேன்."

கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, கை சுடுது..." என்றார்.

அப்புறம்தான் அவர் கால் மடங்கியது. நடுரோட்டில் உட்கார்ந்து, பிடித்த கையை விடாமல், என் அப்பா ஓவென்று அழுதார்.