ப்ளூஸ் கிளப்பில் பிள்ளையார் பாட்டு

என் தம்பி மகன் பெங்களூரு வேலையை உதறிவிட்டு வந்து, குரங்கணிக்கு மேலே ஏலக்காய் காயவைத்த எங்கள் பழைய ஸ்டோருக்கு வெள்ளையடித்து, நாலு கலர் பல்பு மாட்டி, ப்ளூஸ் கிளப் என்று பெயர் வைத்தான். அது இல்லாமல் போடியில் யாரும் தவித்துக்கொண்டிருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

திறப்பன்று மேடை எல்லாருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம் என்றான். "அத்தை, நீங்க கண்டிப்பாப் பாடணும்" என்றான் என்னிடம். எங்கள் தெருவில் நான் பாடாமல் ஒரு வளைகாப்பு நடந்ததில்லை. வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு ஒருத்தரும் கூப்பிடுவதில்லை. என் தொண்டையும் அவரோடு சேர்ந்து போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள் போல. அடுத்த வெள்ளிக்கிழமை தம்பி மகளுக்கே வளைகாப்பு. என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. அதற்கும் பாடக் கூப்பிடவில்லை. இன்றைக்கு என் குரலைக் கேட்டால் தம்பி பொண்டாட்டிக்கு மனசு மாறாதா என்ற நப்பாசையில்தான் ஜீப்பில் ஏறினேன்.

பையன் மைக்கைப் பிடித்து விளக்கம் சொன்னான். "ப்ளூஸ்னா சோகம். மனசுல இருக்க பாரத்தைப் பாட்டா எறக்கி வைக்கிறது."

முன்வரிசையில் இருந்த என் சித்தப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா எழவுப் பாட்டா அப்பு? மொதல்ல பிள்ளையாரைக் கும்புடு."

பிள்ளையார் பாட்டோடு ப்ளூஸ் தொடங்கியது. முதல் ஆள் பிள்ளையாரைப் பாடிவிட்டால் அடுத்த ஆள் எப்படி விடுவார்? ஏலக்காய் வியாபாரி ஒருவர் பிள்ளையாரைப் பாடிவிட்டு, டூயட் ஒன்றை ஆண் குரலிலும் பெண் குரலிலும் அவரே பாடினார். ஓய்வுபெற்ற வாத்தியார் மறுபடியும் பிள்ளையார். பாடிய ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை, அதற்கு ஒரு போட்டோ. மூணாறிலிருந்து வந்த கிட்டார்க்காரப் பையன் எல்லாவற்றுக்கும் ஒரே வாசிப்பைப் போட்டுக்கொண்டு, பாவம், சிரித்தபடியே இருந்தான். பிள்ளையாருக்கே அலுத்திருக்கும்.

"இனி யாரு வேணா வரலாம்" என்று ஒருவழியாக அறிவித்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன். தம்பி பொண்டாட்டி ஓடிவந்து ஒரு தட்டைக் கையில் திணித்தாள்.

"மதினி, வெரசா இந்த வடையைக் குடுத்துட்டு வாங்க. மொத நாளு, நம்ம புள்ள வேற மாசமா முன்னால உக்காந்திருக்கா. நீங்க இன்னொரு நாளு பாடிக்கலாம்."

அடடா, என்ன கரிசனம். சோகத்துக்கென்று மேடை போட்டாயிற்று; சோகப்பட்டவள் மட்டும் அதில் ஏறக்கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டைக் கொண்டுபோய்ச் சித்தப்பா மடியில் வைத்தேன். "நீங்க குடுங்க சித்தப்பா, சும்மாதான இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு மேடையில் ஏறினேன்.

பிள்ளையாரை நான் தொந்தரவு செய்யவில்லை. நேராக வளைகாப்புப் பாட்டையே எடுத்தேன். கிட்டார்க்காரன் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகப் பிடித்துக்கொண்டான். தாய்வீட்டு வளையல் என்று வருகிற இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. தம்பி மகள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது.

இறங்கியதும் தம்பி பொண்டாட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர். "என்னைய அழ வச்சிட்டீங்க மதினி. வெள்ளிக்கெழமை கண்டிப்பா வந்துரணும்."

தலையை ஆட்டினேன்.

"காலையில சிரமப்பட வேணாம். வளையல் போட்டு எல்லாம் முடிஞ்சதும் சாப்பாட்டுக்கு வந்தாப் போதும்."

"பாடுறதுக்குன்னா விடியமுன்னயே வர்றேன்" என்றேன். "சோறு என் வீட்டுலயே இருக்கு."

அவள் கையை விட்டுவிட்டாள்.