நான் மாற்றி அனுப்பிய ஐந்து நிமிடம்

வாரத்தில் ஒருநாள், எந்தெந்த நாட்டிலோ இருக்கிற பிள்ளைகள் கணினியில் செய்யும் சின்னச் சின்ன வேலைகளுக்கு நான் யோசனை சொல்கிறேன். சம்பளம் கிடையாது. பிள்ளைகள் செய்வதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில்தான் போட்டு வைக்கிறோம். "எல்லாம் நன்றாக இருக்கிறது மேடம்" என்று ஒரு பிள்ளை எழுதிவிட்டால் நான் உடனே துருவ ஆரம்பித்துவிடுவேன். அந்த வாக்கியத்தை எழுதுவதில் ஒரு காலத்தில் நானே கைதேர்ந்தவளாக இருந்தேன்.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது. கோயம்புத்தூரில் கணபதியில் குடியிருந்தோம். குழாயில் நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும், பத்து நாளும் ஆகும். எந்த நேரத்தில் வரும் என்பது அந்தத் தண்ணீருக்கே தெரியாது. அதற்காகவே அம்மா கல்யாணம் காதுகுத்துக்குக்கூடப் போகாமல் வீட்டைக் காத்துக் கிடப்பாள். அவளுக்காக நான் ஒரு கருவி செய்தேன். குழாயில் ஓட்டம் தெரிந்தால் அவளுடைய கைபேசியில் மணி அடிக்கும், எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடலாம்.

மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பாதான் என்னை, பிள்ளைகளுக்கு இப்படி யோசனை சொல்லும் ஒரு தன்னார்வலர் குழுவில் சேர்த்துவிட்டார். எனக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் பிரேசிலில் ஒரு மருத்துவமனையில் கணினி வேலை பார்க்கும் பெண். நமக்குச் சனிக்கிழமை மாலை நான்கு மணி என்றால் அவருக்குக் காலை. கையில் காபிக் கோப்பையோடு திரையில் வந்து உட்காருவார். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று எத்தனையோ தடவை சொன்னார். எனக்கு நாக்கு வளையவில்லை. கடைசிவரை மேடம்தான்.

என் கருவியைப் பார்த்து, எங்கள் குழுவிலேயே இருந்த, கென்யாவைச் சேர்ந்த என் வயதுப் பெண் ஒருத்தியும் அதேபோல ஒன்று செய்து வீட்டில் மாட்டியிருந்தாள். அவர்கள் ஊரிலும் தண்ணீர் இதே லட்சணம்தான்.

தண்ணீருக்கு முன்னால் குழாயில் புஸ்ஸென்று காற்று வரும். அதற்கும் மணி அடித்துவிடும். அம்மா குடத்தோடு ஓடி வந்து ஏமாந்து நிற்பாள். இதைச் சொன்னதும் மேடம், ஓட்டம் ஐந்து நிமிடம் விடாமல் இருந்தால் மட்டும் மணி அடிக்கட்டும் என்று நிரலைத் திருத்திப் பொதுவில் போட்டார். சோதித்துப் பார்த்துச் சொல் என்றார். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிற ஊரில் இருப்பவர் அவர். எங்கள் குழாயில் தண்ணீர் விக்கி விக்கித்தான் வரும், ஐந்து நிமிடம் விடாமல் ஓடாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது மணி அடிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். "ஏனுங்க, தண்ணி வந்து அரை மணி நேரமாச்சு. ஊட்ல ஆருமில்லீங்களா?"

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவங்க நமக்காகக் காலங்காத்தால உக்காந்து சொல்லித் தர்றாங்க. அது தப்புன்னு பத்துப் பேரு பாக்கற எடத்துல எழுதுவியா அம்மணி? தானங் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வீட்டுக் கருவியில் மட்டும் ஐந்து நிமிடத்தை அரை நிமிடமாக மாற்றிக்கொண்டேன். அடுத்த தண்ணீருக்கு மணி கணீரென்று அடித்தது. மேடத்துக்கு எழுதினேன்: எல்லாம் நன்றாக இருக்கிறது மேடம். கோயம்புத்தூரில் நன்றாக ஓடுகிறதே என்று நம்பி, கென்யாப் பெண் அந்த ஐந்து நிமிடத்தை எடுத்துத் தன் கருவியில் போட்டுக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து அவள் திரையில் வந்து சொன்னாள். தண்ணீர் வந்து போயிருக்கிறது, மணி அடிக்கவில்லை. அடுத்த முறை வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் அம்மாவும் தூரத்துக் கிணற்றுக்கு நடந்திருக்கிறார்கள். "என் அம்மா இப்போது மணியை நம்புவதில்லை" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

மேடம் அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் வீட்டில்?" என்றார்.

"நன்றாக அடிக்கிறது மேடம்."

அது பொய்யில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று. அப்படியானால் உன் கருவியில் இருக்கிற நிரலை அப்படியே அனுப்பு, ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். அரை நிமிடத்தை மறுபடி ஐந்து நிமிடமாக மாற்றி அனுப்பினேன்.

ஒப்பிட்டார்கள். இரண்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தன. அப்படியானால் கோளாறு அவள் கம்பிகளை இணைத்ததில்தான் என்று முடிவாயிற்று. அவள் கருவியைப் பிரித்து, கம்பிகளைப் பற்றவைத்து, மறுபடி மாட்டி அடுத்த தண்ணீருக்குக் காத்திருந்தாள். அடிக்கவில்லை. இன்னொரு முறை பிரித்தாள். எனக்குச் சரியாகச் செய்யத் தெரியவில்லை போலிருக்கிறது என்று மட்டும் எழுதினாள். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை.

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பேச விடவில்லை.

"உன்ற மணி அடிக்குது, அந்தப் புள்ளையோடது அடிக்கல. அது உனக்குத் தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தா அதுக்குப் பேரு மரியாதையா? இப்பவே எழுதிப்போடு கண்ணு."

எழுதினேன். ஒரு பக்கக் கடிதத்தில் எட்டு இடத்தில் மன்னிக்கவும் மேடம் என்று இருந்தது. திட்டுவார் என்று பயந்துகொண்டே பதிலைத் திறந்தேன். திட்டவில்லை. நான் எழுதியது தப்பு என்றால் முதலில் சொல்ல வேண்டியவள் நீதான், அதற்காகத்தான் இதைப் பொதுவில் வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார். அரை நிமிடத்தைப் பொதுவில் போட்டு, திருத்தியவர் என்று என் பெயரைச் சேர்த்திருந்தார். கென்யாப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பியும் பதில் இல்லை என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

சித்தப்பா என் பெயர் இருந்த அந்தப் பக்கத்தைப் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினார். என் மனசு லேசாகிவிட்டது. தப்பைச் சொல்லியாயிற்று, மன்னிப்பும் கிடைத்தாயிற்று, இனி ஒன்றும் பாக்கியில்லை என்று இருந்துவிட்டேன்.

மேடத்திடம் எட்டு முறை மன்னிப்புக் கேட்டவள், பழுதே இல்லாத கருவியை இரண்டு முறை பிரித்துக் கோத்த அந்தப் பெண்ணுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து அல்ல. அவள் என் வயதுக்காரி. அவளிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.