இல்லாதவர்களுக்காக உயர்ந்த கைகள்

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பக்கத்தில் எங்கள் ஊரும் அவர்கள் ஊரும் ஒரே கரையில்தான் இருந்தன. நடுவில் ஒரு சிறிய ஓடை, கொஞ்சம் உவர்வெளி. இந்தப் பக்கம் மாதா கோயில், அந்தப் பக்கம் பள்ளிவாசல். போர் எங்களை வள்ளமேற்றித் தமிழ்நாட்டு முகாம்களுக்கு அனுப்பியது. அவர்களைக் கையில் எடுத்த பொருளோடு தெற்கே புத்தளத்துக்கு விரட்டியது.

போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கியபோது இரண்டு ஊருக்கும் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தார்கள். நான் பள்ளிக்கூட அதிபராக இருந்தவன், முகாமிலும் படிப்பித்தவன். அதனால் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கினார்கள். அது இரண்டு ஊருக்கும் பொதுவான சங்கம். அந்தப் பொதுவை நான் காக்கவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

அந்த நாட்களில் அரசாங்கம் எங்கள் கரைக்கு ஒரு ஐஸ் பக்டரி கட்டித் தருவதாகச் சொன்னது. மீன் வாங்கி விற்க ஒரு மண்டபமும் கூட வரும். இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும். பெரிய ரோட்டிலிருந்து பக்டரி வாசல்வரை தார் போடுவார்கள், மின்சாரமும் இழுப்பார்கள். ஆனால் முழுக் கரைக்கும் ஒன்றுதான். பார்த்துப் போன அதிகாரிகள் இரண்டு இடங்களைச் சொன்னார்கள்: எங்கள் கோயிலடி, அல்லது ஓடைக்கு அந்தப் பக்கம், அவர்களுடைய கரை.

அவர்களில் முதலில் திரும்பி வந்தவன் என் வகுப்புத் தோழன், மீன் வியாபாரி. மனைவியோடு தகரக் கொட்டிலொன்றில் இருந்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் புத்தளத்தில் லொறி ஓட்டினார்கள். வகுப்பில் நான் சட்டாம்பிள்ளையாக இருந்த காலத்திலேயே என்னைக் கேலியாக ‘மாஸ்ரர்’ என்றுதான் கூப்பிடுவான். பிறகு நான் உண்மையாகவே மாஸ்ரராகிவிட்டேன், அவன் கேலி மட்டும் மாறவில்லை.

ஒருநாள் கரையில் வைத்துச் சொன்னான்:

“மாஸ்ரர், பக்டரி எங்கட பக்கம் வந்தா பெரியவன் லொறியோட வந்திடுறன் எண்டு சொல்றான். அவன் வந்தாச் சின்னவன் வருவான். அவங்க ரெண்டு பேரும் வந்தா மத்த வீட்டுக்காரரும் வருவாங்க. இல்லாட்டி, கரண்டும் இல்லாத, ரோட்டும் இல்லாத உவருக்க மருமகள்மாரை வா எண்டு எந்த வாயால கூப்பிடுறது?”

“பாப்பம்,” என்றேன்.

“நீ பாத்தாக் காணும். வகுப்பில என்ர பேரைக் கரும்பலகையில எழுதினது போதும், இந்த முறையாவது என்ர பக்கம் நில்.”

இரண்டு பேரும் சிரித்தோம்.

இந்த இடத்தில் எங்கள் முகாம் வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகாமில் அடிக்கடி தணிக்கை வரும். அதிகாரிகள் ஒவ்வொரு வீடாக ஆட்களைப் பார்ப்பார்கள். ஆள் இல்லையென்றால் பதிவு வெட்டுப்படும், அரிசியும் உதவியும் நின்றுபோகும். வெளியூரில் பெயின்ற் அடிக்கப் போனவனுக்கு அவனுடைய பக்கத்து வீட்டுக்காரி பதில் சொல்வாள்: “இருக்கிறார் ஐயா, இப்பதான் கடைக்குப் போனவர்.” யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. இல்லாதவருக்காக இருப்பவர் நிற்பது எங்களுக்கு ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. ஊர் திரும்பும்போது பாத்திரம் பண்டங்களோடு அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தோம்.

கூட்டம் பள்ளிக்கூடத் தகரக் கொட்டகையில் நடந்தது. பிரதேச செயலாளர் கந்தோரிலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்திருந்தார். எந்த இடம் என்று ஊரே கை உயர்த்திச் சொல்லட்டும் என்றார். அவர் நல்ல மனிதர், எங்கள் சண்டைக்குள் விழ விரும்பவில்லை.

முதலில் ஓடைக்கு அப்பால் இருந்தவர்கள் தங்கள் கரைக்குக் கை உயர்த்தினார்கள். பிறகு நாங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகத்தான் இருந்தது. அப்போது முன் வரிசையில் இருந்த ஒரு பெண் மற்றக் கையையும் தூக்கினாள்.

“ரெண்டு கை ஏனம்மா?” என்றார் அதிகாரி.

“ஒண்டு எனக்கு. மற்றது இந்தியாவில மண்டபம் முகாமில இருக்கிற தங்கச்சிக்கு. அவளும் இந்த ஊர்தானே.”

“அப்பிடியெண்டால் எனக்கு நண்டு மாதிரிக் கை வேணும்,” என்றார் பின்னாலிருந்த ஒருவர். “என்ர சகோதரம் அவ்வளவும் அங்கதான்.”

“உனக்கு ஏற்கனவே நண்டுக் கைதான், கடன் வாங்கினால் விடாய்!”

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. சிரிப்புக்குள்ளேயே எங்கள் பக்கம் எல்லாரும் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்கள். அதிகாரி என்னைப் பார்த்தார்.

“சேர், இதைக் கணக்கில எடுக்கலாமா?”

“எடுக்கலாம்,” என்றேன். “அவையள் வரத்தான் இருக்கினம்.”

அதை நான் நம்பித்தான் சொன்னேன். என் தம்பி குடும்பமும் அங்கேதான் இருந்தது.

அப்போது என் தோழன் எழுந்தான். கோபப்படவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னை மட்டும் பார்த்துக் கேட்டான்:

“அப்ப, புத்தளத்தில இருக்கிற எங்கட ஆக்களுக்கும் நாங்க மத்தக் கையைத் தூக்கலாம்தானே, மாஸ்ரர்?”

ஓம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவன் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான். ஆனால் தூக்கினால் யார் பக்கம் அதிகம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. புத்தளத்தில் அவர்கள் நிறையப் பேர்.

“இந்தியாவில இருக்கிறவை கடல் கடந்து வரவேணும்,” என்றேன். “புத்தளம் பஸ்ஸில வாற தூரம். வர விரும்பினவை இதுக்குள்ள வந்திருப்பினம்.”

எங்கள் ஆட்கள் சிலர் கையை இறக்கிவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். அவர்களும் விரட்டப்பட்டவர்கள். பஸ் ஓடுகிறது என்பதற்காக ஒருவன் ஊர் திரும்பிவிட முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் தோழன் “சரி” என்று சொல்லி உட்கார்ந்தான். கோயிலடி என்று முடிவானது.

பக்டரி கட்டினார்கள். நாடா வெட்டிய அன்று நான் பேசினேன், எல்லாரும் கைதட்டினார்கள். அவனும் வந்து பின்னால் நின்றான். தார் ரோட்டு பக்டரி வாசலோடு நின்றது. மாரியில் அதற்கப்பால் உவர்வெளி முழங்கால்வரை சேறு. அவன் ஐஸ் வாங்கிச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு போவான். பாதி அவன் கரைக்குப் போய்ச் சேராது. மகன்மாருடைய லொறி ஒரு தடவை வந்து ஓடையடியில் புதைந்து, ரக்ரர் கொண்டு இழுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. மற்ற வீட்டுக்காரரும் அவர்களைப் பார்த்துப் புத்தளத்திலேயே நின்றுவிட்டார்கள்.

நாங்கள் யாருக்காகக் கை தூக்கினோமோ அவர்களும் வரவில்லை. அங்கே பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருந்தார்கள், கல்யாணம் முடித்திருந்தார்கள். என் தம்பி தொலைபேசியில் ஒவ்வொரு கோயில் பெருநாளுக்கும் “அடுத்த வருசம் பாப்பம் அண்ணை” என்றான், பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டான். இருந்த வள்ளங்களுக்குப் பக்டரி பெரிதாகப் போனது. வேலைக்கு எடுத்த பெடியன்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் கட்டாருக்கும் போனார்கள். கடைசியில் மெஷினை நிறுத்தினார்கள். அரசாங்கம் தந்தது வீணாகிப் போனது என்று சனம் சொல்கிறது. அதைக் கேட்கும்போது நான் வாய் திறப்பதில்லை.

என் தோழன் மனைவியை ஊரில் அடக்கம் செய்தபின் கொட்டிலைப் பூட்டிக்கொண்டு புத்தளத்துக்கே போய்விட்டான். எனக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை.

போன வருடம் நான் அவனைத் தேடிப் போனேன். மேல்மாடி வைத்த வீடு. வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். கண் மங்கியிருந்தது, குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டான். தேத்தண்ணி வந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை.

“அண்டைக்குக் கூட்டத்தில நான் சொன்னது அநியாயம். தெரிஞ்சுதான் சொன்னனான்.”

அவன் என் குரல் வந்த பக்கம் திரும்பினான்.

“நீ தெரிஞ்சு சொன்னது எனக்கு அண்டைக்கே தெரியும். அதை அந்தக் கொட்டகையில சொல்லியிருந்தா ஊர் கேட்டிருக்கும். இஞ்ச வந்து சொன்னா நான் மட்டும்தான் கேக்கிறன்.”

“ஓம்.”

“குடி, ஆறப்போகுது.”

பிறகு கரையில் என்ன மீன் படுகிறது என்று கேட்டான். சொன்னேன். அவன் மனைவியின் அடக்க இடத்தை யாராவது துப்புரவாக்குகிறார்களா என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அவன் பேரன் வந்து சாப்பிடக் கூப்பிட்டு, நான் எந்த ஊர் என்று அவனிடம் கேட்டான். என் தோழன் எங்கள் கரையின் பெயரைச் சொன்னான். பேரன் மரியாதையாகத் தலையாட்டினான். பிறகு, அது மன்னாருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று என்னிடம் கேட்டான்.