எதிர்ப்பு ஒன்று

எங்கள் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் என் பக்கத்தில் நிற்பவள் மயிலாள். உடுமலைக்கு மேலே, புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கருஞ்சோலை அவள் பிறந்த ஊர், பழங்குடிக் குடியிருப்பு. வேலைக்கு வந்த புதிதில் வாயே திறக்கமாட்டாள். இங்கே பதில் பேசாமல் நின்றால் ஓவர்டைமுக்குச் சரி என்று சூப்பர்வைசர் முடிவு கட்டிவிடுவான். பல ஞாயிறுகள் அப்படிப் போன பிறகுதான் முடியாது என்று சொல்லப் பழகினாள்.

அவள் ஊர் வழக்கம் வேறு. வந்தவர் முகத்துக்கு நேரே மறுப்பது அங்கே மரியாதைக் குறைவு. அவர் சாப்பிட்டுப் போன பிறகு கூடிப் பேசி, விடிந்ததும் பதில் சொல்வார்கள்.

போன தேர்தலில் ஒரு கட்சி ரோடு தருகிறேன் என்றது, இன்னொரு கட்சி வனப்பட்டா தருகிறேன் என்றது. மேடைக்கு மேடை ஒன்றையொன்று நார்நாராகக் கிழித்தன. தேர்தல் முடிந்ததும் இரண்டும் ஒரே பாட்டைப் பாடின: புலிக்கு இடம் வேண்டும், கீழே வீடு கட்டித் தருகிறோம், இறங்கி வாருங்கள். கிராமசபை சம்மதிக்காமல் இறக்க முடியாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் கிராமசபையைக் கூட்டினார்கள்.

மயிலாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். "பேசாம இருந்தாச் சம்மதம்னு எழுதிக்குவாங்கக்கா. எங்க சனத்துக்கு அது தெரியாதுங்க."

கூட்டத்தில் அதிகாரிக்கு இருபுறமும் இரண்டு கட்சிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்களாம். சம்மதமா என்று அதிகாரி கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் அப்பா சென்னிமலை கையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல் மயிலாள் எழுந்தாள்.

"எங்களுக்குச் சம்மதமில்லீங்க. எல்லாருக்குஞ் சேத்துத்தான் சொல்றேனுங்க."

ஒருவருக்காக மற்றவர் பேச முடியாதும்மா, அவரவர் சொல்லட்டும் என்றார் அதிகாரி. மகள் விருந்தாளிகளை அவமதித்துவிட்டாளே என்ற வெட்கத்தில் ஊரே தலையைக் குனிந்துகொண்டது. எதிர்ப்பு ஒன்று, மற்ற அனைவரும் சம்மதம் என்று அவர் உரக்கச் சொல்லி முடித்தார். கட்சிக்காரர்கள் சாப்பாடு பிரமாதம் என்று பாராட்டிவிட்டு ஒரே ஜீப்பில் இறங்கினார்கள். அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் விடிந்ததும் ஊர் கூடியது. போக மாட்டோம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பெரியவர்களுக்கு முகமெல்லாம் நிம்மதி. பஸ்ஸுக்குக் கிளம்பிய மகளிடம் சென்னிமலை வந்து சொன்னார்:

"கீழ போறவ நீதான கண்ணு. நாங்க மாட்டோம்னுட்டோம்னு அவிங்ககிட்டச் சொல்லீரு."