வாயிற்கதவுக்கு எந்தப் பக்கம்

நான் வாழும் ஊரில் காலை வேளையில் எதிர்ப்படுகிறவர் எவராயினும் ஒரு கையில் நாய்க்கயிறும் மறு கையில் சிறு கறுப்புப் பையும் வைத்திருப்பார். இங்கிலாந்தின் வடபகுதியில், மழை ஓய்ந்தாலும் தூறல் ஓயாத சிற்றூர் அது. வந்த புதிதில் அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மதுரையில் பிறந்தவர்களுக்கோ, பையோடு வரும் மனிதரை 'என்ன வாங்கிட்டு வாரீங்க?' என்று கேட்காமல் கடந்துபோவது பகைமையின் அடையாளம். எனவே மூன்றாம் வீட்டு முதியவர் பையை விரலில் கோத்து ஆட்டிக்கொண்டு வந்தபோது, என்னிடமிருந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, காலையிலேயே என்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் சற்றுத் திகைத்து, "இது ஆல்ஃபியுடையது" என்றார். ஆல்ஃபி அவருடைய பேரனாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, "நன்றாகச் சாப்பிடுகிறானா?" என்றேன். "மிக நன்றாக. பார்த்தாலே தெரியவில்லையா?" என்று பையை என் முகத்துக்கு நேராக உயர்த்திக் காட்டினார். நானும் மனமுவந்து தலையசைத்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, ஆல்ஃபி என்பது அந்த நாய், பையில் இருந்தது அதன் கழிவு என்று விளக்கி அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அந்த ஊரில் எவரிடமும் என்ன வாங்கினீர்கள் என்று நான் கேட்டதில்லை.

பின்னர் மகளின் பிடிவாதத்தால் எங்கள் வீட்டுக்கும் ஒரு நாய் வந்தது. செந்நிறம், ஆதலால் செவலை என்று பெயரிட்டேன். மகள் கல்லூரிக்குப் போனாள். கயிறும் பையும் எனக்கு வந்து சேர்ந்தன. ஒருகாலத்தில் பள்ளியில் தமிழ் இலக்கணம் கற்பித்த கை இதற்கும் பழகியது. ஆனால் அடுத்த வீட்டுப் பிரெண்டாவுக்கு அது போதவில்லை. அவளுடைய கொள்கையின்படி, நாயைப் பொது இடத்துக்குக் கொண்டுபோகுமுன் சொந்தத் தோட்டத்தில் அதன் காலைக்கடனை முடிக்கச் செய்யவேண்டும். பொதுப் புல்தரை குழந்தைகள் உருளும் இடம். "முதலில் உன் கார்டனில் விடு" என்றாள் ஒருநாள் வேலிக்கு மேலாக. எங்கள் தோட்டத்தில் ஒரு மல்லிகைக் கொடி, பூக்கலாமா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தது. பூத்தால் முதற்பூ முருகனுக்கு என்று நேர்ந்திருந்தேன். "என் தோட்டத்திலா?" என்றேன். "அது உன்னுடைய தோட்டம்தானே?" என்றாள். "அதனால்தான் மாட்டேன் என்கிறேன்." நான் ஆங்கிலத்தில் ஏதோ பிழை செய்துவிட்டதாகக் கருதிய பிரெண்டா, தன் வினாவை மெதுவாகவும் உரக்கவும் மறுபடி சொன்னாள். நானும் என் விடையை மெதுவாகவும் உரக்கவும் மறுபடி சொன்னேன். இருவரும் புன்னகைத்துப் பிரிந்தோம். இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், சென்ற மாசியில் விடுப்பெடுத்து மதுரைப் பசுமலையில் என் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது நேர்ந்தவைதாம். அண்ணன் பணி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்காகச் சேர்த்துவைத்திருந்த கொஞ்சல் முழுவதையும் அவர் இப்போது டைகர் என்னும் கொழுத்த நாயின்மேல் செலவிடுகிறார். மல்லிகைப்பூ உதிர்ந்தாலும் அஞ்சி ஓடும் நாய்க்கு அந்தப் பெயர். என் செவலை இங்கிலாந்தில் 'வா', 'உட்கார்' என்ற தமிழுக்கு அடங்கும். டைகரோ பசுமலையில் 'கம்', 'சிட்', 'கோ' என்னும் ஆங்கிலத்துக்கே செவிசாய்க்கும். பிறந்த மண்ணின் மொழி எந்த நாய்க்கும் வாய்க்கவில்லை.

விடியலில் அண்ணன் வாயிற்கதவைத் திறப்பார். "கோ" என்பார். டைகர் வெளியேறும். கதவைச் சாத்திவிட்டுச் செய்தித்தாளோடு உட்காருவார். சற்றைக்கெல்லாம் கதவு பிறாண்டப்படும். டைகர் மனநிறைவோடு உள்ளே வரும். "பாத்தியா செல்வி, நம்ம வாசல்ல வெளிக்கி இருக்கவே இருக்காது. அம்புட்டு அறிவு!" என்பார். இதே பெருமையை அத்தெருவில் நாய் வளர்க்கும் எல்லாரும் சொல்லக் கேட்டேன். ஒவ்வொரு நாயும் தன் வீட்டு வாசலைக் காத்து அடுத்த வீட்டு வாசலை நிறைத்தது. மொத்தத்தில் எந்த வாசலும் குறைபடவில்லை. சோறு என்னுடையது, நாய் என்னுடையது, அது வாலாட்டும் அன்பும் என்னுடையது; அதன் கழிவு மட்டும் ஊருக்குப் பொது. பொதுவுடைமையை நம்மவர் இவ்வளவு உளமார ஏற்ற துறை வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. நம் மொழி பசுவுக்குச் சாணம் என்றும் ஆட்டுக்குப் புழுக்கை என்றும் யானைக்கு இலத்தி என்றும் பறவைக்கு எச்சம் என்றும் மரபுப்பெயர் வகுத்துத் தந்திருக்கிறது. நாய்க்கு மட்டும் அப்படியொரு தனிப்பெயரை நான் படித்ததில்லை. பெயரிட்டால் பொறுப்பேற்க நேரும் என்று முன்னோர் அஞ்சியிருக்கலாம்.

டைகர் தேர்ந்துகொண்ட இடம் எதிர்வீட்டுச் சரோஜா டீச்சரின் கோலம். அவர் சௌராட்டிரக் குடும்பத்தவர். கணவருக்குத் துணி வணிகம். அண்ணன் மனைவியான என் மதினிக்கும் அவருக்கும் நெடுங்காலப் பழக்கம். மதினி நாள்தோறும் தன் தோட்டத்து மல்லிகையில் ஒரு பங்கை அவர் வீட்டுப் பூசைக்குக் கொடுப்பாள். அந்த நட்பின் பொருட்டு டீச்சர் எங்களை நேரில் ஒரு சொல் சொன்னதில்லை. தெருவை நோக்கித்தான் சொல்வார். "யாரு வீட்டு நாயோ, என்னத்தப் போட்டு வளக்குறாங்களோ, எம்புட்டுன்னுதான் நான் அள்ளுறது!" என்று விளக்குமாற்றை ஓங்கித் தட்டுவார். பின்பு தம் கணவரிடம் வீட்டுமொழியான சௌராட்டிரத்தில் ஏதோ கூறுவார். அம்மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் முழுவதும் விளங்கியது. அவ்வேளையில் மதினி அடுக்களையில் மிக்சியை ஓடவிடுவாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியில் கறுப்புப் பைகள் இருந்தன. மறுநாள் டைகரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நானே போனேன். அது முடித்ததும் குனிந்து, பையைக் கையுறைபோல் மாட்டி, எடுத்து, முடிந்து, விரலில் கோத்துக்கொண்டு திரும்பினேன். பால் வாங்க வந்தவர்கள் பாலை மறந்து நின்றார்கள். "செல்விக்கா, கையில என்ன வாங்கிட்டு வாரீங்க?" என்று ஒருவர் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். தெருவுக்கு ஒரு நல்ல பழக்கத்தை அறிமுகம் செய்துவிட்டதாக எண்ணி நிமிர்ந்து நடந்தேன்.

தெரு கண்டது வேறு. வெளிநாட்டிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணை, அண்ணன் பெண்டாட்டி நாய்ப்பீ அள்ள வைக்கிறாள் என்பதே அது கண்ட காட்சி. உச்சிப்பொழுதுக்குள் செய்தி பசுமலை முழுதும் பரவிற்று. மாலையில் சரோஜா டீச்சரே படியேறி வந்துவிட்டார். யாருக்காகக் கோலத்தைக் காத்தேனோ அவரே என் பக்கம் நின்று மதினியைக் கேட்டார்: "ஏம்மா, கடல் தாண்டி வந்த புள்ளைய இந்த வேலைக்கா விடுவாங்க? நாய் எங்க வாசல்லயே இருந்துட்டுப் போகட்டும். நாத்தனாள அள்ள விடாத. பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

அவர் போனபின் மதினி என்னிடம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "உனக்கு நான் என்ன கொற வச்சேன் செல்வி? அயிரை மீன் வாங்கிக் கொழம்பு வச்சேன். கறிதோச போட்டேன். நீ என் மானத்தப் பையில கட்டித் தெருவுல தூக்கிட்டு வார!"

"மதினி, அங்க எல்லாரும் இப்படித்தான்…"

"அங்க உன்னைய ஒரு நாத்தனாளா யாரு பாக்குறா? இங்க நான் குடியிருக்கணும்ல?" அண்ணனைப் பார்த்து அவள் தீர்ப்பு வழங்கினாள்: "ஞாயித்துக்கெழம பாண்டி வருவான். நாய் அலங்காநல்லூருக்குப் போகுது." பாண்டி அவளுடைய தம்பி, அங்கே தோட்டம் வைத்திருக்கிறான். அண்ணன் டைகரின் காதைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தார்.

அவருக்காக நான் ஒரு வழி சொன்னேன். தோட்டத்தின் மூலையில், முருங்கைக்கு அடியில், ஒரு குழி வெட்டி அங்கேயே டைகரை விடலாம். மண்ணைத் தள்ளி மூடிவிடலாம். தெருவுக்கும் தொல்லையில்லை, என் கைக்கும் வேலையில்லை. மதினி நிமிர்ந்தாள். "தோட்டத்துலயா?"

"இது உங்க தோட்டந்தான மதினி?"

"அதனாலதான் வேணாங்குறேன்!"

வேலிக்கு மேலே பிரெண்டாவின் தலை தெரிகிறதா என்று ஒருகணம் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய வினா என் வாயிலிருந்தும், என் விடை மதினியின் வாயிலிருந்தும் வந்திருந்தன. நல்லவேளையாக நான் அதை மெதுவாகவும் உரக்கவும் மறுபடி சொல்லவில்லை.

ஆயினும் அண்ணன் குழி வெட்டினார். மறுநாள் விடியலில் டைகரை முருங்கையடிக்கு இழுத்துப்போய், "கோ" என்றார். அது அவரைப் பார்த்தது. "டைகர், கோ!" வாயிற்கதவைப் பார்த்தது. சொந்த வாசலுக்குள் அப்படியொரு செயலை நினைத்தும் அறியாத உயர்குடி நாய் அது. உச்சிவரை அடக்கிக்கொண்டு கதவடியில் முனகிற்று. அரசுப் பணியில் பலரை அதட்டிய அண்ணன், ஒரு நாயின் முன் கைகட்டி நின்று கெஞ்சினார்: "ப்ளீஸ் கோடா, தங்கம்." முடிவில் அதன் துன்பம் தாளாமல் கதவைத் திறந்துவிட்டார். அது நேரே கோலத்துக்குப் போயிற்று.

இதனினும் கொடியது மாலையில் நேர்ந்தது. வழக்கம்போல் மதினி பூக்கிண்ணத்தோடு எதிர்வீட்டுக்குப் போனாள். டீச்சர் கிண்ணத்தை வாங்கவில்லை. "இன்னைக்கு மார்க்கெட்லயே வாங்கிட்டேம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தோட்டத்துலயே நாய விடப்போறீங்கன்னு பேசிக்கிறாங்க. சாமிக்கு வைக்கிறது பாரு, அதான்…" என்றார். தம் வாசலில் நாய் இருந்த காலமெல்லாம் அவர் பூ வாங்கினார். எங்கள் தோட்டத்தில் இருக்கக்கூடும் என்ற பேச்சுக்கே பூ தீட்டாயிற்று. வாடாத பூவோடு திரும்பி வந்த மதினி கிண்ணத்தை அண்ணன் முன் வைத்து, "போதுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிறன்று பாண்டி 'குட்டியானை' என்னும் சிறு சரக்கு வண்டியில் வந்தான். நாய் வழியில் குதித்துவிடாதபடி அடைத்துக் கட்ட, தொழுவத்துக்குக் கதவாக நின்ற மூங்கிற்படல் ஒன்றும் கொண்டுவந்திருந்தான். "என்ன மச்சான், மகளக் கட்டிக் குடுக்குற மாதிரி இருக்கீங்க? எங்க ஊர்ல மாட்டுக்கே பயப்படாம ஓடித் திரியும், விடுங்க" என்றான். அண்ணன் டைகரின் சோற்றுத்தட்டைக் கழுவித் துடைத்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தார். துடைத்த தட்டையே மறுபடியும் எடுத்துத் துடைத்தார். மதினி வைத்த காப்பி ஆடைகட்டி ஆறிப்போயிருந்தது. அவள் அந்தக் காப்பியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், வண்டியிலிருந்த படலைப் பார்த்தாள்.

"பாண்டி, அந்தப் படல எறக்கு. முருங்கைக்கு இங்கிட்டு வச்சுக் கட்டு. எம் பூவுக்கும் அந்த மூலைக்கும் நடுவுல. ரெண்டு பக்கமும் கம்பி இழுத்துரு."

"அக்கா, அப்ப நாயி?"

"நாயி இங்கயே கெடந்து தொலையட்டும். படலுக்கு அங்கிட்டு இருக்குறது தொழுவம் மாதிரி. அது தோட்டத்துல சேராது."

"நாய ஏத்திட்டு வாரேன்னு ஊர்ல சொல்லிட்டு வந்தேன். படலயும் குடுத்துட்டு வெறும் வண்டியாப் போறேன்" என்று முனகியபடி கட்டினான். அவள் எண்ணியது தன் பூச்செடிகளுக்கு ஒரு வேலி; அவ்வளவே. ஆனால் அண்ணன் படலைத் திறந்து, நம்பிக்கையின்றி, "கோ" என்றபோது டைகர் நிமிர்ந்து பார்த்தது. கதவு ஒன்று திறக்கிறது; தலைவர் 'கோ' என்கிறார்; கதவுக்கு அப்பால் இருப்பது வெளியே. நிமிர்ந்த வாலோடு சென்று முருங்கையடியில் தன் கடனை ஆற்றிவிட்டு வந்து, படலைப் பிறாண்டிற்று. அண்ணன் திறந்துவிட்டு, ஆறிய காப்பியை ஒரே மூச்சில் குடித்தார்.

மாலையில் சரோஜா டீச்சர் தாமே வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "அது படலுக்கு அங்கிட்டு டீச்சர்" என்றாள் மதினி. டீச்சர் படலை மேலும் கீழும் நோக்கினார். மூங்கில் இடுக்குகளின் வழியே காற்று எவ்வகை வேறுபாடும் பாராமல் வந்துபோய்க்கொண்டிருந்தது. "ஆமா, அது வேற எடந்தான்" என்று கிண்ணத்துக்குக் கை நீட்டினார். நாயை ஏய்த்த படல் நீண்ட காலம் பள்ளியில் பாடம் சொன்னவரையும் ஏய்த்தது. தெருவின் மற்ற நாய்கள் வழக்கம்போல் அடுத்தவர் வாசலுக்கே போய்வருகின்றன. அவற்றின் உடைமையாளர்கள், 'வீட்டுக்குள்ளயே விடுறாங்களாம், என்ன பழக்கமோ' என்று எங்களைப் பற்றி மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். பொத்திக்கொள்வதற்கான காரணம் அவர்கள் வாசலிலேயே கிடக்கிறது.

இங்கிலாந்துக்குத் திரும்பியதும் நான் கணவரை நச்சரித்து, மல்லிகைக் கொடிக்கும் தோட்டத்தின் கடைசி மூலைக்கும் நடுவே மரச்சட்டத்தில் சிறு படல் ஒன்று வைக்கச் செய்தேன். செவலை முதல் நாளே புரிந்துகொண்டது. பிரெண்டா மகிழ்ந்தாள். ஆனால் அவளுக்கு ஓர் ஐயம். "எல்லாம் உன் தோட்டம்தானே? நடுவில் எதற்கு ஒரு கேட்? யார் வராமலிருக்க?" என்றாள். விளக்க முயன்று, கைவிட்டு, புன்னகைத்தேன்.

நேற்றுக் காலை தூறலில் குடையோடு நின்று செவலைக்குப் படலைத் திறந்துவிட்டேன். அது உள்ளே போயிற்றா வெளியே போயிற்றா என்று அதற்குத்தான் தெரியும். அப்போது கைப்பேசி ஒலித்தது. மதினி. பசுமலையில் வெயில் ஏறியிருக்கும். மாலையில் டீச்சருக்குக் கொடுக்க மல்லிகை மொட்டுகளைப் பறித்து முடித்திருப்பாள். எல்லாரையும் போல்தான் கேட்டாள்: "என்ன செல்வி, வீட்ல இருக்கியா, வெளிய இருக்கியா?"

படலை ஒரு கையால் பிடித்தபடி, அதற்கு எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று குனிந்து பார்த்தேன்.